தெளிந்த பார்வையும் தேயும் விழித்திரையும்

நுழையும்முன்

கண்ணுக்கு வரும் நோய்களுள் பெரும்பாலானவை சொல்லிக்கொண்டே வருகின்றன. கண் சிவக்கும், உறுத்தும், நீர் வடியும், பார்வை மங்கும். நீரிழிவினால் விழித்திரைக்கு நேரும் கேடு அவ்வாறு வருவதில்லை. பல ஆண்டுகள் அது ஓசையின்றி வளர்கிறது. அதன் போக்கையும், பார்வை தெளிவாக உள்ளபோதே அதனைக் கண்டறிய மேற்கொள்ளப்படும் முயற்சிகளையும் இப்பாடம் விளக்குகிறது.

குருதிக்குழாயைக் காணும் சாளரம்

உடலைக் கீறாமலும் துளைக்காமலும் உள்ளே ஓடும் குருதிக்குழாய்களை நேரே காண்பதற்கு ஏற்ற சாளரம் கண்ணே ஆகும். கண்ணின் பின்சுவரில் மெல்லிய படலமாகப் படர்ந்துள்ளது விழித்திரை. அதன் மேற்பரப்பில் தமனிகளும் சிரைகளும் இலை நரம்புகளைப் போலக் கிளைத்துச் செல்கின்றன. ஒளி புகும் கண்மணியின் வழியே நோக்கினால் அவற்றைக் காணலாம். ஆயினும், பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை உயிருள்ள மனிதரின் விழித்திரையை மருத்துவர் எவரும் முறையாகக் கண்டதில்லை. கண்மணி கருமையாகவே தோன்றியது.

அக்கருமைக்குக் காரணம் எளியது. கண்ணுக்குள் செல்லும் ஒளி, சென்ற வழியே திரும்பி வருகிறது. திரும்பும் ஒளியைக் காண வேண்டுமாயின், விளக்கு இருக்கும் இடத்தில் பார்ப்பவரின் கண் இருத்தல் வேண்டும். அவ்விடத்தில் தலையை வைத்தாலோ விளக்கொளி மறைந்துவிடும். ஜெர்மானிய அறிஞர் ஹெர்மன் வான் ஹெல்ம்ஹோல்ட்ஸ் இச்சிக்கலைச் சாய்வாகப் பொருத்திய கண்ணாடித் தகடுகளைக் கொண்டு தீர்த்தார். பக்கவாட்டில் உள்ள விளக்கின் ஒளியை அத்தகடுகள் நோயாளியின் கண்ணுக்குள் திருப்பின. அதே தகடுகளின் ஊடே மருத்துவர் உள்ளே நோக்கினார். 1851 இல் அவர் வெளியிட்ட இந்தக் கண்நோக்கிக் கருவி, கண் மருத்துவத்தின் போக்கையே மாற்றியது.

சில ஆண்டுகளிலேயே வியன்னா நகர மருத்துவர் எட்வர்டு யேகர், நீரிழிவு உள்ள ஒருவரின் விழித்திரையில் மஞ்சள் நிறப் புள்ளிகளையும் குருதிக் கசிவையும் கண்டு எழுதினார். நீரிழிவுக்கும் அப்புள்ளிகளுக்கும் தொடர்புண்டு என்பதை அக்கால மருத்துவர் பலர் ஏற்கவில்லை. அவர்களது ஐயத்தில் ஒரு நியாயமும் இருந்தது. இன்சுலின் இல்லாத அந்நாளில், இளவயதில் நீரிழிவு வந்தவர்கள் மிகச் சில ஆண்டுகளிலேயே இறந்தனர். கண் கெடும் அளவிற்கு அவர்கள் வாழவில்லை. 1922 இல் கனடாவின் டொராண்டோ நகரில் முதன்முதலாக ஒரு நோயாளிக்கு இன்சுலின் செலுத்தப்பட்டது. அதன் பின்னர் நீரிழிவு உள்ளோர் பல்லாண்டுகள் வாழத் தொடங்கினர். அவ்வாறு வாழ்ந்தவர்களிடம்தான் விழித்திரை நோயின் முழு உருவமும் வெளிப்பட்டது. உயிரைக் காத்த மருந்தே, அதுவரை மறைந்திருந்த மற்றொரு சிக்கலையும் வெளிச்சத்திற்குக் கொண்டுவந்தது எனலாம்.

நைந்துபோகும் நுண்குழாய்கள்

எடைக்கு எடை ஒப்பிட்டால், உடலில் மிகுதியாக ஆக்சிஜனைச் செலவிடும் திசுக்களுள் விழித்திரையும் ஒன்று. அந்த ஆக்சிஜனைக் கொண்டுவந்து சேர்ப்பவை தலைமயிரினும் மெல்லிய நுண்குழாய்கள். அவற்றின் சுவரை வெளிப்புறத்திலிருந்து தாங்கிப் பிடிக்கும் சிறப்பு உயிரணுக்கள் உள்ளன. குருதியில் சர்க்கரையின் அளவு ஆண்டுக்கணக்கில் மிகுந்திருக்குமானால், இத்தாங்கும் உயிரணுக்கள் ஒவ்வொன்றாக மடிகின்றன. தாங்கல் இழந்த இடத்தில் குழாயின் சுவர் புடைக்கிறது. மிதிவண்டிச் சக்கரத்தின் ரப்பர்க் குழாய், நைந்த இடத்தில் மட்டும் புடைத்து நிற்பதைப் போன்றது இது. விழித்திரையின் ஒளிப்படத்தில் இப்புடைப்பு ஊசிமுனை அளவிலான சிவப்புப் புள்ளியாகத் தோன்றும். நோயின் முதல் அடையாளம் இதுவே.

புடைத்த சுவர் கசியத் தொடங்குகிறது. குருதியின் நீரும் கொழுப்பும் விழித்திரையின் அடுக்குகளுக்கிடையே பரவுகின்றன. நீர் வடிந்தாலும் கொழுப்பு மஞ்சள் நிறத் துகள்களாகத் தங்கிவிடுகிறது. யேகர் கண்ட மஞ்சள் புள்ளிகள் இத்தகையனவே. கசிவு விழித்திரையின் ஓரப்பகுதியில் நிகழ்ந்தால் பார்வைக்கு உடனடிக் குறை ஏதும் இல்லை. எழுத்துகளைப் படிக்கவும், ஊசியில் நூல் கோக்கவும், எதிரில் வருபவரின் முகத்தை அடையாளம் காணவும் உதவும் மையப்பகுதியில் நிகழ்ந்தால், அப்பகுதி நீர்கோத்து வீங்கும். நேர்க்கோடுகள் கோணலாகத் தெரியும், எழுத்துகள் கலங்கும். நீரிழிவு உள்ளோர் பார்வைக் குறைவு அடைவதற்கு இம்மைய வீக்கம் முதன்மையான காரணங்களுள் ஒன்று.

வேறு சில நுண்குழாய்கள் கசிவதற்கு மாறாக அடைபட்டுப் போகின்றன. அவை ஊட்டிவந்த பகுதி ஆக்சிஜன் இன்றித் தவிக்கிறது. தவிக்கும் திசு, புதிய குருதிக்குழாய்களை வளரத் தூண்டும் ஒரு புரதத்தைச் சுரக்கிறது. வறண்ட வயல் நீருக்கு ஆளனுப்பியதைப் போன்ற இச்செயல் கேட்பதற்கு நலமானதாகவே தோன்றும். ஆனால், அந்த அழைப்புக்கு வரும் புதிய குழாய்கள் செம்மையாக அமைந்தவை அல்ல. அவை விழித்திரைக்குள் வளராமல், கண்ணின் உட்புறத்தை நிரப்பியுள்ள தெளிந்த கூழ்மத்தை நோக்கிக் கொடிபோல் படர்கின்றன. அவற்றின் சுவர்கள் மிக மெல்லியவை. எவ்வித அடியும் படாமலே கிழிந்து குருதியைச் சிந்தக்கூடியவை. உறங்கச் செல்லும்போது தெளிவாகப் பார்த்த ஒருவர், விடியலில் கண்முன் நூலாம்படை தொங்குவதாகவும் கரும்புகை சூழ்ந்ததாகவும் உணர்வது இதனால்தான். நாளடைவில் இக்குழாய்களைச் சுற்றித் தழும்புத் திசு வளர்ந்து சுருங்குகிறது. சுருங்கும்போது விழித்திரையையும் தன்னோடு இழுத்துப் பெயர்த்துவிடுகிறது.

முதல் சிவப்புப் புள்ளிக்கும் இந்த இறுதி நிலைக்கும் இடையே பல ஆண்டுகள் உள்ளன. அந்த ஆண்டுகளில் நோயாளிக்கு ஏன் எதுவும் தெரிவதில்லை? விழித்திரைக்கு வலியை உணரும் நரம்புகள் இல்லை. ஓரப்பகுதியில் ஏற்படும் சிறு இழப்புகளை மூளை அக்கம்பக்கத்துக் காட்சியைக் கொண்டு நிரப்பிக்கொள்கிறது. ஒரு கண்ணின் குறையை மற்றொரு கண் ஈடுசெய்கிறது. மையப்பகுதி பிழைத்திருக்கும் வரையில், மருத்துவமனைச் சுவரில் தொங்கும் எழுத்துப் பலகையின் கடைசி வரியைக்கூடப் படித்துவிடலாம். ‘எனக்கு நன்றாகத் தெரிகிறதே’ என்னும் சொல் பொய்யன்று. விழித்திரை நலமாக உள்ளது என்பதற்கு அது சான்றும் அன்று.

இங்குக் குழப்பம் விளைவிக்கும் செய்தி ஒன்றும் உண்டு. குருதிச் சர்க்கரை ஏறி இறங்கும்போது கண்ணின் வில்லையில் உள்ள நீரின் அளவும் மாறுகிறது. அதனால் சில நாள்கள் பார்வை மங்கிப் பின்னர்த் தெளியும். இம்மங்கல் விழித்திரை நோயன்று. சர்க்கரை கட்டுக்குள் வராத நிலையில் மூக்குக்கண்ணாடி வாங்கினால் சில வாரங்களில் அது பொருந்தாமல் போவதற்கு இதுவே காரணம். நீரிழிவு உள்ளோர்க்குக் கண்புரை சற்று முன்னதாகவே வருவதும் உண்டு. இவற்றையெல்லாம் வெள்ளெழுத்து என்றோ, முதுமை என்றோ எண்ணிக் கண்ணாடிக் கடையோடு நிறுத்திக்கொள்வோர் பலர். கண்ணாடிக் கடையில் அளக்கப்படுவது வில்லையின் திறன். விழித்திரையை அங்கு எவரும் காண்பதில்லை.

சூரியன் காட்டிய வழி

கண் கெட்ட பிறகு சூரிய வணக்கம் என்பது தமிழர் அறிந்த பழமொழி. விழித்திரை நோய்க்கான முதல் பயனுள்ள மருத்துவம், சூரியனைப் பார்த்துக் கெட்ட ஒரு கண்ணிலிருந்தே பிறந்தது.

1945 ஆம் ஆண்டு ஜூலை மாதம் நிகழ்ந்த சூரிய கிரகணத்தைப் பாதுகாப்பின்றி நோக்கிய மருத்துவ மாணவர் ஒருவரின் விழித்திரை வெந்து தழும்பானது. அத்தழும்பைக் கண்ட ஜெர்மானிய மருத்துவர் கெர்டு மையர்-ஷ்விக்கரத், ஒளியைக் கட்டுப்படுத்திச் செலுத்தினால் வேண்டிய இடத்தில் மட்டும் தழும்பு உண்டாக்கலாம் என்று கருதினார். கண்ணாடிகளைக் கொண்டு சூரிய ஒளியையே நோயாளியின் கண்ணுக்குத் திருப்பிச் சிகிச்சை அளித்தார். மேகம் சூழ்ந்த நாளில் சிகிச்சை நின்றுவிடும். ஆகவே, செயற்கை ஒளி விளக்குகளுக்கு மாறினார். 1960 இல் சீரொளி என்னும் லேசர் உருவானபின், அதுவே இப்பணிக்கு உகந்த கருவியாயிற்று.

நீரிழிவு விழித்திரை நோயில் லேசர் செய்யும் பணி விந்தையானது. அது நோயுற்ற குழாய்களை மட்டும் குறிவைப்பதில்லை. மையப்பகுதியை விட்டுவிட்டு, ஓரப்பகுதியில் நூற்றுக்கணக்கான சிறு சூடுகளை இடுகிறது. ஆக்சிஜனுக்குத் தவிக்கும் திசுவின் பரப்பு குறைவதால், புதுக்குழாய்களை அழைக்கும் புரதமும் குறைகிறது. ஓரத்தை விலையாகக் கொடுத்து மையத்தைக் காப்பதே இம்முறை. இதன் விளைவாக இரவுப் பார்வையும் பக்கப் பார்வையும் ஓரளவு குறையக்கூடும்.

இவ்வாறு ஒரு பகுதியை அழித்து மறுபகுதியைக் காப்பது தகுமா என்னும் வினாவிற்கு அமெரிக்காவில் 1970 களில் நடைபெற்ற பேராய்வு விடை தந்தது. அதில் 1,700க்கும் மேற்பட்டோர் பங்கேற்றனர். ஒவ்வொருவருக்கும் ஒரு கண்ணில் மட்டும் ஒளிச் சிகிச்சை அளித்து, மறுகண்ணை அப்படியே விட்டுவைத்தனர். ஒரே மனிதர், ஒரே குருதி, ஒரே சர்க்கரை. வேறுபாடு சிகிச்சை ஒன்றுதான். கடுமையான பார்வை இழப்பு, சிகிச்சை பெற்ற கண்களில் பாதிக்கும் கீழாகக் குறைந்ததை 1976 இல் ஆய்வாளர்கள் உறுதி செய்தனர். முடிவு ஐயமற்றுத் தெரிந்தவுடன், விட்டுவைக்கப்பட்டிருந்த கண்களுக்கும் தேவைக்கேற்பச் சிகிச்சை அளிக்க அனுமதித்தனர்.

புதுக்குழாய்களைத் தூண்டும் புரதம், நீரிழிவு உள்ளோரின் கண்நீர்மத்தில் மிகுந்திருப்பதை 1994 இல் வெளியான ஆய்வு காட்டியது. அப்புரதத்தைத் தடுக்கும் மருந்துகள் இன்று ஊசி வழியே கண்ணுக்குள் செலுத்தப்படுகின்றன. கண் மரத்துப்போகும் சொட்டு மருந்து இட்ட பின்னரே ஊசி போடுவதால் வலி மிகக் குறைவு. மைய வீக்கத்தைக் குறைத்து, இழந்த பார்வையில் ஒரு பகுதியை மீட்டுத்தரும் ஆற்றல் இம்மருந்துகளுக்கு உண்டு. ஆனால், தொடக்கத்தில் திங்கள்தோறும் போட வேண்டும், செலவும் மிகுதி. அடைபட்டு மடிந்துபோன விழித்திரைத் திசுவை உயிர்ப்பிக்கும் மருந்து எதுவும் இதுவரை இல்லை.

சர்க்கரையின் நினைவு

சிகிச்சைக்கு முன்னதாக நோயின் வேகத்தையே தணிக்க இயலுமா என்பதற்கு 1993 இல் வெளியான மற்றோர் ஆய்வு விடையளித்தது. அமெரிக்காவிலும் கனடாவிலும் நடைபெற்ற அவ்வாய்வில் முதல் வகை நீரிழிவு உள்ள 1,441 பேர் பங்கேற்றனர். அவர்களுள் இளையோர்க்கு வயது 13. சர்க்கரையை இறுக்கமாகக் கட்டுப்படுத்தியவர்களிடம், அதுவரை பழுதுபடாத விழித்திரையில் புதிதாக நோய் தோன்றும் வாய்ப்பு 76 விழுக்காடு குறைந்தது. 1998 இல் பிரிட்டனில் வெளியான ஆய்வு, இரண்டாம் வகை நீரிழிவு உள்ளோர்க்குக் குருதி அழுத்தத்தைக் குறைப்பதும் கண்ணைக் காக்கும் என்று காட்டியது. கசியும் குழாயில் அழுத்தம் குறைந்தால் கசிவும் குறையும் என்பது குடிநீர்க் குழாயைக் கண்டோர் அறிந்ததே.

முதல் ஆய்வு முடிந்தபின் நிகழ்ந்தது இன்னும் வியப்பானது. ஆய்வுக்காலத்தில் கட்டுப்பாட்டுடன் இருந்தவர்களுக்கும் அல்லாதவர்களுக்கும் பிற்காலத்தில் சர்க்கரையின் அளவு ஏறத்தாழ ஒன்றாகிவிட்டது. எனினும், தொடக்க ஆண்டுகளில் கட்டுப்பாட்டுடன் இருந்தவர்களின் கண்களே பல்லாண்டுகள் கழித்தும் நலமாக இருந்தன. தொடக்க ஆண்டுகளின் நன்மையையும் தீமையையும் உடல் நெடுங்காலம் நினைவில் வைத்திருக்கிறது. நீண்ட காலம் மிக உயர்ந்திருந்த சர்க்கரையைத் திடுமெனக் குறைத்தால், ஏற்கெனவே நோயுள்ள விழித்திரை முதல் ஓராண்டில் சற்று மோசமாகக்கூடும் என்பதையும் அவ்வாய்வு கண்டறிந்தது. ஆதலால், தீவிரச் சிகிச்சையைத் தொடங்குமுன் விழித்திரையைப் பார்த்துவிடுவது நல்லது.

நலமாக உள்ளவரைத் தேடிச்செல்லுதல்

நோயுற்றோர் மருத்துவரைத் தேடிவருவது வழக்கம். அறிகுறி தராத நோயில் இவ்வழக்கம் பயன்படாது. நலமாக உள்ளதாக எண்ணுவோரை மருத்துவம் தேடிச்செல்ல வேண்டும். நீரிழிவு உள்ள அனைவரின் விழித்திரையையும் குறித்த கால இடைவெளியில் படமெடுத்து, அவர்களுள் சிகிச்சை வேண்டியோரைச் சலித்தெடுக்கும் முறை இவ்வாறு தோன்றியது.

ஐஸ்லாந்து 1980 இலேயே இதனைத் தொடங்கியது. மக்கள்தொகை குறைந்த நாடாகையால் அங்கு அது எளிதாயிற்று. இங்கிலாந்து 2003 முதல் படிப்படியாக நாடு முழுமைக்கும் விரிவாக்கியது. 12 வயதும் அதற்கு மேலும் ஆன, நீரிழிவு உள்ள ஒவ்வொருவருக்கும் அழைப்புக் கடிதம் செல்கிறது. ஒவ்வொரு கண்ணிலும் இரண்டு படங்கள். ஒன்று மையப்பகுதியை நடுவாகக் கொண்டது, மற்றொன்று பார்வை நரம்பு புறப்படும் இடத்தை நடுவாகக் கொண்டது. படங்களைத் தரம் பிரிப்பவர்கள் இதற்கெனப் பயிற்சி பெற்ற பணியாளர்கள். கண் மருத்துவரிடம் செல்பவை ஐயத்திற்குரிய படங்கள் மட்டுமே. இதன் விளைவு 2014 இல் வெளியான ஆய்வில் தெரிந்தது. இங்கிலாந்திலும் வேல்சிலும் உழைக்கும் வயதினரின் பார்வையின்மைக்கு முதற்காரணம் என்னும் இடத்திலிருந்து, குறைந்தது ஐம்பது ஆண்டுகளில் முதன்முறையாக, நீரிழிவு விழித்திரை நோய் இறங்கியிருந்தது. சர்க்கரைக் கட்டுப்பாடு மேம்பட்டதற்கும் இதில் பங்குண்டு. அழைப்புக் கடிதத்தின் பங்கை அதனால் குறைத்து மதிப்பிட இயலாது.

இந்தியாவில் இதே பணியின் அளவு வேறு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடைபெற்று 2023 இல் வெளியான ஆய்வு, நாட்டில் ஏறத்தாழ 10.1 கோடிப் பேர் நீரிழிவுடன் வாழ்வதாக மதிப்பிட்டது. தமிழ்நாட்டில் வயதுவந்தோருள் நூற்றுக்கு 14 பேருக்கு மேல் நீரிழிவு உள்ளதாகவும் அது கண்டறிந்தது. சென்னை நகரில் நீரிழிவு உள்ளோரிடம் சங்கர நேத்ராலயா மேற்கொண்டு 2009 இல் வெளியிட்ட ஆய்வில், நூற்றுக்கு 18 பேரிடம் விழித்திரை மாற்றங்கள் காணப்பட்டன. நூறு பேரையும் படமெடுத்தால்தான் அந்தப் பதினெண்மர் யாவர் என்பது தெரியும். எஞ்சிய எண்பத்திருவரையும் அடுத்த ஆண்டு மீண்டும் படமெடுக்க வேண்டும்.

கண்புரை கற்பித்ததும் கற்பிக்காததும்

தமிழ்நாட்டிற்குக் கண் மருத்துவத்தில் பெருமைக்குரிய ஒரு மரபு உண்டு. மருத்துவர் கோ. வெங்கடசாமி 1976 இல் மதுரையில் 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, சிற்றூர்களில் முகாம் நடத்திக் கண்புரை நோயாளிகளை அழைத்துவந்து அறுவை செய்து அனுப்பும் முறையை உலகறியச் செய்தது. பள்ளி வளாகங்களிலும் சமுதாயக் கூடங்களிலும் நடைபெறும் அத்தகைய முகாம்களைத் தமிழ்நாட்டுச் சிற்றூர்கள் நன்கு அறியும்.

கண்புரை முகாமிற்கு வரும் மூதாட்டிக்குத் தம் கண் தெரியவில்லை என்பது தெரியும். ஒருமுறை அறுவை செய்தால் போதும். கட்டுப் பிரித்த அன்றே பேரப்பிள்ளையின் முகம் தெரியும். ஊர் திரும்பி அவர் சொல்லும் சொல்லே அடுத்த முகாமிற்கு ஆள் சேர்த்துவிடும். நீரிழிவு விழித்திரை நோயில் இவை அனைத்தும் தலைகீழாகின்றன. அழைக்கப்படுபவருக்குக் குறை ஏதும் தெரியாது. சிகிச்சை ஒருமுறையோடு முடிவதில்லை. லேசர் சிகிச்சை முடிந்து வீடு திரும்புபவர், ‘முன்பு எப்படித் தெரிந்ததோ அப்படித்தான் தெரிகிறது’ என்றே அண்டை வீட்டாரிடம் கூறுவார். இந்நோயில் அதுவே முழு வெற்றி. ஆனால், கேட்பவர் காதில் அது தோல்வியைப் போல ஒலிக்கும். நேராத ஓர் இழப்பைச் சான்றாகக் காட்ட எவராலும் இயலாது. மக்களை இப்பரிசோதனைக்கு அழைத்துவருவதில் உள்ள இடர்ப்பாட்டின் ஆணிவேர் இதுவே.

ஒரு நாள் கூலியை இழந்து, துணைக்கு ஒருவரையும் அழைத்துக்கொண்டு நகரத்து மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய நிலை மற்றொரு தடை. இதனைக் குறைக்கவே, நோயாளி செல்வதற்குப் பதிலாகப் படம் செல்லும் ஏற்பாடுகள் உருவாயின. ஒளிப்படக் கருவி பொருத்திய ஊர்திகளும், சிற்றூர்களில் அமைந்த பார்வை மையங்களும் படத்தை எடுத்து நகரத்து மருத்துவருக்கு அனுப்புகின்றன. அரசின் முயற்சிகளும் வாசலுக்கே வந்துள்ளன. 2021 ஆகஸ்டு 5 அன்று தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின்கீழ்ப் பணியாளர்கள் வீடுதோறும் சென்று சர்க்கரையையும் குருதி அழுத்தத்தையும் கண்டறிந்து மருந்தும் வழங்குகின்றனர். நீரிழிவு இருப்பதையே அறியாதவரிடம் கண் பரிசோதனை பற்றிப் பேசுவது வீண். ஆதலால், இதுவும் கண்ணைக் காக்கும் பணியின் முதற்படியே.

இயந்திரம் படிக்கும் படம்

படங்கள் பெருகியபோது அவற்றைப் படிக்க ஆள் போதவில்லை. 2016 இல் கூகுள் நிறுவன ஆய்வாளர்கள், அமெரிக்காவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் பெற்ற 1,28,175 விழித்திரைப் படங்களைக் கொண்டு ஒரு கணினி நிரலைப் பயிற்றுவித்தனர். மதுரை அரவிந்த் மருத்துவமனையும் சென்னை சங்கர நேத்ராலயாவும் படங்களை அளித்தவற்றுள் அடங்கும். மேல்சிகிச்சைக்கு அனுப்ப வேண்டிய நோயைக் கண்டறிவதில் அந்நிரல் கண் மருத்துவர்களுக்கு நிகராகச் செயல்பட்டது. 2018 இல், மருத்துவர் குறுக்கிடாமலே முடிவு கூறும் இத்தகைய கருவி ஒன்றிற்கு அமெரிக்க அரசு முதன்முதலாக ஒப்புதல் வழங்கியது.

ஆய்வகத்தில் வென்ற நிரல் சிற்றூர் மருத்துவமனையில் என்ன ஆகும்? தாய்லாந்தில் பதினொரு மருத்துவ நிலையங்களில் அதனைப் பயன்படுத்திப் பார்த்தபோது, ஐந்தில் ஒரு பங்குக்கு மேற்பட்ட படங்களை நிரல் ஏற்க மறுத்தது. காரணம், படமெடுக்கும் அறைகளில் இருள் போதவில்லை. சன்னலுக்குத் திரை இல்லாத அறைகள் பல. சாதாரண விளக்கொளியில் கண்மணி சுருங்குவதால் படம் மங்கியது. செயற்கை நுண்ணறிவைக் காட்டிலும் ஒரு கறுப்புத் திரைச்சீலை அங்கு முதலில் தேவைப்பட்டது. இணைய வேகம் குறைந்த இடங்களில் நோயாளிகள் நெடுநேரம் காத்திருக்கவும் நேர்ந்தது. இயந்திரம் ‘செல்க’ என்று கூறினாலும் நோயாளியைப் பெரிய மருத்துவமனைக்குச் செல்ல வைப்பது, மாவட்டந்தோறும் பணியாற்றும் செவிலியர்களின் பேச்சாகவே உள்ளது.

பரிசோதனை நாள்

யார், எப்போது செல்ல வேண்டும் என்பதில் மருத்துவ உலகில் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. இரண்டாம் வகை நீரிழிவு, கண்டறியப்படுவதற்குப் பல ஆண்டுகள் முன்னரே தொடங்கியிருக்கக்கூடும். பிரிட்டன் ஆய்வில், நீரிழிவு புதிதாகக் கண்டறியப்பட்டவர்களிலேயே மூவரில் ஒருவருக்கு மேல் விழித்திரை மாற்றங்கள் இருந்தன. ஆகவே, நோய் தெரிந்த உடனேயே முதல் பரிசோதனை, பின்னர் ஆண்டுதோறும். இளவயதில் வரும் முதல் வகையில் தொடக்கம் பெரும்பாலும் தெளிவாகத் தெரிவதால், ஐந்தாண்டுகளுக்குள் முதல் பரிசோதனை போதும். நீரிழிவு உள்ள பெண் கருவுற்றால் விழித்திரை நோய் விரைந்து முற்றக்கூடும். அவர் முதல் மூன்று மாதங்களுக்குள் கண்ணைக் காட்டுதல் வேண்டும். கருவுற்ற காலத்தில் மட்டும் தோன்றும் சர்க்கரைக்கு இவ்விதி பொருந்தாது. பரிசோதனை முடிவில் மாற்றம் இருந்தால் இடைவெளி சுருங்கும். கண்ணில் பூச்சி பறப்பது போலவோ, திரை விழுந்தது போலவோ திடீரெனத் தோன்றினால் ஆண்டுக் கணக்கிற்குக் காத்திருத்தல் கூடாது. அன்றே செல்ல வேண்டும்.

பரிசோதனை எளியது. கண்மணியை விரிக்கச் சொட்டு மருந்து விடுவர்; சில நொடிகள் எரியும். அரைமணி நேரத்திற்குள் கண்மணி விரியும். அதன்பின் சில மணி நேரம் அருகில் உள்ள எழுத்து தெரியாது. வெயில் கண்ணைக் கூசச்செய்யும். ஆகவே, இருசக்கர வண்டி ஓட்டி வருதல் ஆகாது. வீட்டிலிருந்து ஒருவர் துணைக்கு வருதல் நலம். பள்ளி விடுமுறை நாளில் அத்துணை பெரும்பாலும் வீட்டிலுள்ள மாணவராகவே இருக்கக்கூடும். கருவியின் முன் தாடையை ஊன்றி அமர்ந்தால், ஒரு மின்னல் ஒளி, படம் பதிவாகிவிடும். செம்மஞ்சள் வட்டத்தில் வெளிறிய நிலவு போல நரம்பின் தலையும், அதிலிருந்து கிளைக்கும் குழாய்களும், சற்றுத் தள்ளிக் கருமை கூடிய மையமும் திரையில் தோன்றும். சென்ற ஆண்டின் படத்தை அதன் அருகில் வைத்து ஒப்பிடுவர். அதில் இல்லாத சிவப்புப் புள்ளி இதில் இருந்தால், அது மையத்திலிருந்து எவ்வளவு தொலைவில் உள்ளது என்பதைக் குறித்துக்கொண்டு, அடுத்து வரவேண்டிய நாளை அட்டையில் எழுதித் தருவர்.